எலுமிச்சம்பழ ஆட்டத்தின் மூன்றாவது சுற்று

மதியம் மூன்று மணி இருபது நிமிடம். இவ்வளவு துல்லியமாக எனக்குத் தெரியக் காரணம், அந்த நேரம் ஒரு போன் செய்திக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்ததுதான். ‘ரெண்டு ஆனை. மூணாம் நம்பர் காட்டுலருந்து ரோட்டப் பாத்து எறங்குது. யாரும் நடந்து வராதீங்க.’ தேயிலைத் தோட்டத்தின் பகுதிகளுக்கு எண் கொடுத்து, காடு என்பார்கள் அங்கே. இந்தச் செய்தி வந்த நிமிடத்தில் நான் மலைமேல் சின்னக்கானலில் ஒரு விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில், கையில் ஓர் எலுமிச்சம்பழத்தோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். செய்தி வந்த பதினான்கு போன்களும், அவற்றோடு என்னுடையதும், சத்தம் அணைக்கப்பட்டு ஒரு ரொட்டிக் கூடைக்குள் கிடந்தன. அதில் போடச் சொன்னது நான்தான். என் மகள் அப்போது வெளியே இருந்தாள்.

மாதங்கள் ஆகிவிட்டன. இப்போதும் எருத்தேன்பதியில் எங்கள் வீட்டில், மூன்று மணி தாண்டியதும் என் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகிறது. மூன்று இருபதைக் கடக்கும்வரை எந்த வேலையும் ஓடுவதில்லை.

என் வேலையைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். பெரியவர்களை விளையாட வைப்பதுதான் என் வேலை. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் பல வருடம் இருந்தபோது அஜைல் என்கிற வேலைமுறை எனக்குப் பழக்கமானது. பெரிய வேலையை மொத்தமாகத் திட்டமிட்டு, மொத்தமாகச் செய்து, கடைசியில் திறந்து பார்த்துத் தலையில் கை வைக்காமல், சின்னத் துண்டுகளாக்கிச் செய்வது. ஒரு துண்டு முடிந்ததும் நிற்பது. என்ன நடந்தது என்று எல்லோரும் பேசுவது. மாற்ற வேண்டியதை மாற்றிக்கொண்டு அடுத்த துண்டுக்குப் போவது. இதைப் பிரசங்கமாகச் சொன்னால் யாருக்கும் ஏறாது. பந்தை எறிந்து பிடிக்கச் சொன்னால் பத்து நிமிடத்தில் ஏறிவிடும். அதனால் கம்பெனியை விட்ட பிறகும் விளையாட்டுகளை விடவில்லை. கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் கொண்டுபோனேன்.

அந்த விடுதிக்காரர் கூப்பிட்டதும் அதற்காகத்தான். ஒரே ஜீப்பை இரண்டு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள், விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகுதான் அடுப்படிக்குச் செய்தி போகிறது, ஒருவரை ஒருவர் குறை சொல்கிறார்கள், இரண்டு நாள் வந்து ஏதாவது செய்யுங்கள் என்றார். மகளுக்குக் காலாண்டு விடுமுறை. அவள் அப்பாவுக்குத் தென்னைக்குத் தண்ணீர் விடும் வாரம். பதினான்கு வயசுப் பெண்ணை வீட்டில் தனியாக விடுவானேன் என்று கூட்டிப் போனேன். பத்திரம் என்று நினைத்து எடுத்த முடிவு அது.

இரண்டாம் நாள் மதியம் பந்துப் பையைத் திறந்தால் பந்துகள் இல்லை. வீட்டிலேயே மறந்திருக்கிறேன். சமையலறையைப் பார்த்துக்கொள்கிற அக்கா ஒரு தட்டு நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்து வைத்தார்.

“எண்ணித்தான் தந்திருக்கேன் டீச்சர். ஒண்ணு நசுங்குனாலும் நாளைக்கு ஒருத்தருக்கும் லெமன் டீ கெடையாது.”

ஜீப் ஓட்டுகிறவர்களில் மூத்தவர் ஒரு பழத்தை உருட்டிப் பார்த்தார். “சக்கரத்துக்கு அடியில வச்சுத்தான் எங்களுக்குப் பழக்கம் டீச்சர். கையில புடிக்கச் சொன்னா எப்படி?”

“ஒம்ம வண்டி ஓடுத லட்சணத்துக்கு ஒண்ணு பத்தாது அண்ணாச்சி, மூட்டையா வேணும்லா” என்றார் அக்கா. கூடம் முழுக்கச் சிரிப்பு.

அதற்கு முன்பே கூடையை நீட்டியிருந்தேன். விளையாட்டு நேரத்தில் போன் கூடாது என்பது என் பழைய விதி. நகரத்து அறைகளில் அந்த விதி இல்லாமல் எதுவும் நடக்காது. மூத்தவர் மட்டும் தயங்கினார்.

“இது கையில இருக்கட்டுமே டீச்சர்.”

“ஏனுங்க அண்ணா?”

“ஆனை குரூப்பு. ஆனை எறங்குனா இதுலதான் சேதி வரும்.”

பக்கத்தில் இருந்தவர்கள் லேசாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போனைக் கொடுக்காமல் இருக்க எத்தனையோ காரணம் கேட்டிருக்கிறேன். மாமியார் ஆஸ்பத்திரியில், வங்கியிலிருந்து அழைப்பு வரும், பூனை குட்டி போடப்போகிறது. யானை இன்னொன்று என்று நினைத்துக்கொண்டேன். “இருபத்தஞ்சே நிமிஷந்தானுங்க” என்றேன். அவர் வாதாடவில்லை. டீச்சர் சொன்னால் கேட்பதுதான் அங்கே வழக்கம். போனைக் கூடையில் போட்டுவிட்டு, வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையை அன்று கவனித்தும் கவனிக்காமல் இருந்தேன்.

ஆட்டம் எளிது. எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். ஒவ்வொரு பழமும் எல்லோர் கையையும் தொட்டு, ஆரம்பித்தவரிடமே திரும்ப வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுக்கக் கூடாது. கைக்குக் கை மாறும்போது ஒரு கணமாவது காற்றில் இருக்க வேண்டும். ஒரு சுற்று இரண்டு நிமிடம். தொடங்குமுன் எத்தனை பழம் சுற்றிவரும் என்று அவர்களே ஒரு எண் சொல்ல வேண்டும். முடிந்ததும் பேசிவிட்டு அடுத்த சுற்று.

முதல் சுற்றுக்கு இருபது என்றார்கள். வந்தது நான்கு. பழங்கள் மேசைக்கு அடியில் ஓடின. ஆளுக்கு ஆள் திட்டிக்கொண்டார்கள். இரண்டாவதுக்கு எட்டு என்றார்கள், ஒன்பது வந்தது. யாரோ குறுக்கே நின்றதால்தான் தடுமாற்றம் என்று பேசி, இரண்டு வரிசையாக எதிரெதிரே மாறி நின்றார்கள். இந்த இடம்தான் எனக்கு எப்போதும் பிடித்த இடம். நான் எதுவும் சொல்லாமலே அவர்களாக மாற்றிக்கொள்ளும் இடம்.

அந்த இரண்டாவது சுற்றின் நடுவில்தான் மகள் வந்து என் தோளைத் தொட்டாள். ஏதோ கேட்டாள். நான் பழங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். தலையாட்டினேன். என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ முறை அந்த நிமிடத்துக்குள் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டேன். அவள் உதடு அசைகிறது, சொல் கேட்பதில்லை. எண்கள் மட்டும் கேட்கின்றன. ஆறு, ஏழு, எட்டு.

மூன்றாவது சுற்று என் நினைவில் தண்ணீருக்குள் நடப்பதுபோல நடக்கிறது. பழங்கள் மெதுவாக எழுந்து, மெதுவாக இறங்குகின்றன. ஜன்னலுக்கு வெளியே, மஞ்சு என்று அங்கே சொல்கிற பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் தூரத்து மலை போனது, பிறகு சரிவு, பிறகு சரிவில் வரிசையாக நிற்கும் சில்வர் ஓக் மரங்கள். வெளியே ஒவ்வொன்றாக அழிய, உள்ளே அந்த மஞ்சள் மட்டும் கூடிக்கொண்டே போனது. யாரும் பேசவில்லை. கை கையைத் தேடிப் போனது. இவ்வளவு அழகாக ஒரு குழு விளையாடி நான் பார்த்ததில்லை. இருபத்தொன்று வந்தது. கைதட்டினார்கள். கடைசிப் பழம் என் கைக்கு வந்தது. அப்போது மணி மூன்று இருபதாகத்தான் இருந்திருக்கும்.

பேசி முடித்து, மூன்றரைக்குக் கூடையை எடுத்துப் போனேன். ஒவ்வொருவராகப் போனை எடுத்தார்கள். சிரிப்பு முகம் முகமாக அணைந்தது. மூத்தவர் செய்தியை உரக்க வாசித்தார். அடுத்து அவர் கேட்டது, “யாரு வெளிய இருக்கா?” என்ற ஒன்றைத்தான். யானை என்றதும் அங்கே முதலில் தலை எண்ணுகிறார்கள். அக்கா விரலை நீட்டி எண்ணினார். பதினான்கு. நானும் கூடவே எண்ணினேன், அதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்பதைப்போல. பதினான்கு சரியாக வந்ததும் ஒரு நிம்மதிகூட எனக்கு வந்தது. பிறகுதான்,

“எம் பொண்ணக் காணோமுங்க” என்றேன்.

அறையில் இல்லை. கழிப்பறையில் இல்லை. ஊஞ்சலில் இல்லை. அவள் போனுக்கு அடித்தால், எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று மலையாளத்தில் ஒரு பெண் குரல், மிக மரியாதையாக, திரும்பத் திரும்பச் சொன்னது. நான் வாசலுக்கு ஓடினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். தேங்காய் துருவிக் காய்த்த கை. உதறிப் பார்த்தும் விடவில்லை.

“எங்க போறேன்னு சொல்லிச்சு புள்ள?”

“தெரியலீங்க.”

“என்ன கலர் உடுப்பு?”

“மஞ்சளுங்க” என்றேன். அவள் அன்று போட்டிருந்தது சாம்பல் நிற ஸ்வெட்டர். நானே மடித்துப் பெட்டியில் வைத்தது.

எத்தனை வண்டி இருக்கிறது என்று கேட்டேன். ஐந்து. ஐந்தும் போகட்டும், ஐந்து பக்கமும் போகட்டும், ஹாரன் அடித்துக்கொண்டே போகட்டும், எல்லோரும் கத்திக் கூப்பிடட்டும், இப்போதே, ஒரே நேரத்தில் என்றேன். கத்தினேன் என்பதுதான் சரி. அரை மணி முன்புவரை துண்டு துண்டாகச் செய்யுங்கள், நின்று பாருங்கள் என்று சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

மூத்தவர் என் முன்னால் வந்து நின்றார். “டீச்சர், அஞ்சு வண்டியும் சத்தம் போட்டுட்டுப் போனா ஆனை மெரண்டு எந்தப் பக்கம் ஓடும்? சத்தம் இல்லாத பக்கம். புள்ள அங்கதான் நிக்கும். ஒரு வண்டி போவும். மொத வளைவு வரைக்கும். இஞ்சின அமத்திட்டு, காது குடுத்துக் கேட்டுட்டு, திரும்பி வந்து சொல்லும். அப்பறம் அடுத்தது.”

“அதுக்குள்ள...”

“பத்து நிமிசம்” என்றார். “ஒவ்வொரு சுத்துக்கும் நின்னு பேசணும்னு இப்பந்தான சொன்னிய?”

குத்திக் காட்டவில்லை அவர். உண்மையாகவே கேட்டார்.

வண்டி போனது. அக்கா தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கும், பேக்டரிக்கும், இலை ஏற்றும் டிராக்டர்காரருக்கும் போன் போட்டுக்கொண்டே இருந்தார். வரவேற்பில் இருக்கும் பெண் என்னுடைய பலகையின் முன்னால் போய் நின்றாள். செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது என்று மூன்று கட்டம் போட்டு, காலையில் நான் மாட்டிய பலகை. ஒட்டும் காகிதங்களில் டீக்கடை, கோயில், அணைப் பாதை, லயம் என்று எழுதி முதல் கட்டத்தில் ஒட்டினாள். டீக்கடையை எடுத்து நடுக்கட்டத்தில் வைத்தாள். கையருகே பலகை இருந்தது, அவ்வளவுதான். ஆனால் என் மகள் இருக்கக்கூடிய இடங்கள் அப்படிப் பச்சையும் சிவப்புமாகச் சுவரில் இருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பத்தாவது நிமிடம் வண்டி திரும்பியது. டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். பிஸ்கட் வாங்கிக்கொண்டு, அணை தெரியும் இடம் எது என்று கேட்டு, தேயிலைக்கு நடுவே இறங்கும் குறுக்குப் பாதையில் போயிருக்கிறாள். யானைச் செய்தி வருவதற்குச் சற்று முன்னால். வந்ததும் அவர் கடையைச் சாத்திவிட்டார்.

மறுபடி பேசினார்கள். இரண்டு நிமிடம்கூட இல்லை. இன்னொருவர் வண்டியை எடுத்தார். இரண்டாம் வளைவுவரை போய், நின்று, கேட்டுவிட்டு வந்தார். வந்தவர் என்னைப் பார்க்காமல் மூத்தவரிடம் சொன்னார். “பாதையில ஆனைச் சாணி கெடக்கு, ஆவி பறக்குது. கீழ கெளை ஒடியுத சத்தம் கேக்கு.”

அதாவது, குறுக்குப் பாதைக்கும் எங்களுக்கும் நடுவில் யானைகள் இருந்தன.

“இனி போவக் கூடாது டீச்சர்” என்றார் மூத்தவர். “அதுக தண்ணிக்குத்தான் எறங்குது. எறங்கட்டும். நாம போனா நின்னுரும்.”

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. வனத்துறைக்குச் சொல்லியாகிவிட்டது. அவர்கள் வேறு பக்கத்திலிருந்து வர வேண்டும், நேரமாகும் என்றார்கள். நான்கு மணியிலிருந்து காத்திருந்தோம். வேறு எதை மறந்தாலும் அந்தக் காத்திருப்பு மட்டும் என்னைவிட்டுப் போகாது.

அக்கா பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து கையில் வைத்தார். குடிக்கச் சொல்லவில்லை, பிடித்துக்கொள்ளச் சொன்னார். சூடு விரலுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. வெளியே பத்தடிக்கு அப்பால் உலகம் இல்லை. எங்கள் ஊரில் மலை இடைவெளி வழியாக வரும் கணவாய்க் காற்று நாள் முழுக்க வீசி எல்லாவற்றையும் துடைத்து வைத்திருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் நடந்து வருகிறவளை, வருவது அவள்தான் என்று நடையை வைத்தே வாசலில் இருந்து சொல்லிவிடுவேன். பள்ளிப் பை ஒரு பக்கம் இழுக்க, ஒரு தோள் சரிந்து வருவாள். அவ்வளவு தூரம் பார்த்தே பழகிய கண்ணை வைத்துக்கொண்டு அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் பல வயதுகளில் வந்து போனாள். மூன்று வயதில் வாய்க்கால் தண்ணீரில் செருப்பை விட்டுவிட்டு அழுதவள். ஒன்பது வயதில் காய்ச்சலோடு என் மடியில் ஒரு நாள் முழுக்கக் கிடந்தவள். ஒவ்வொருத்தியும் மஞ்சுக்குள்ளிருந்து கொஞ்சம் தெரிந்து, கொஞ்சம் சிரித்து, திரும்பப் போனாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே.

ஐந்து மணிக்கு அவள் அப்பா கூப்பிட்டார்.

“வெளையாட்டெல்லாம் முடிஞ்சுதா? அம்மிணி என்ன பண்றா?”

“தூங்கறாளுங்க” என்றேன்.

“இந்நேரத்துல என்ன தூக்கம்? எழுப்பி உடு. அப்பறம் ராத்திரிக்குத் தூங்கமாட்டா.”

“சரிங்க” என்றேன். போனை வைத்ததும் என் பற்கள் அடித்துக்கொண்டன. அக்கா அடுப்படியிலிருந்து ஒரு சால்வையை எடுத்துவந்து போர்த்தினார். மசாலா வாசம். அவர் காதில் எல்லாம் விழுந்திருக்கும்.

மூத்தவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். போனை வாங்கியது தப்புங்க அண்ணா என்று சொன்னேன். அவர், “நானும் குடுத்தேம்லா” என்றார். மன்னிப்பா, அவருடைய சொந்த வருத்தமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இப்போது நான் யார் போனையும் வாங்குவதில்லை. ஒரு இடத்துக்குப் போனால், எதையும் தொடங்குமுன், இங்கே எதைக் கேட்டால் எழுந்து ஓடுவீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன். முதலில் விழிக்கிறார்கள். பிறகு சொல்கிறார்கள். ஆனால் அன்று அந்தப் படியில் இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. அவள் பாதையில் விழுந்திருப்பாளோ, ஓடியிருப்பாளோ என்று மட்டும்தான் ஓடியது. யானையைக் கண்டால் ஓடக் கூடாது என்று அவளுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? நான் சொல்லித் தரவில்லை. சமவெளிக்காரி நான். எனக்கே தெரியாது.

ஐந்தரை தாண்டி, மூத்தவரின் போன் ஒரு முறை அதிர்ந்தது. பார்த்தார். எழுந்தார். “ரெண்டும் தண்ணிக்கு எறங்கிட்டு” என்றார். அடுத்த வண்டிக்கு அவர் சாவியை எடுக்கும்போதே கீழே டிராக்டர் சத்தம் கேட்டது. அருகே வருவதுபோலவும் விலகுவதுபோலவும் கேட்டது. மஞ்சில் சத்தத்துக்குத் திசை இல்லை. இரண்டு மங்கலான விளக்குகள் தெரிந்தன. பின்னால் இலைச் சாக்குகள் குவிந்த டிரெய்லர். சாக்குகளின் மேல், தலையில் பிளாஸ்டிக் தாளைக் கவிழ்த்துக்கொண்டு, இலை பறிக்கும் ஒரு பெண். அவள் மடிக்குப் பக்கத்தில் இன்னொரு தலை. சாம்பல் நிறம்.

நான் எழுந்தேனா, ஓடினேனா தெரியாது. வண்டியின் இரும்புப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் நினைவிருக்கிறது. மகள் என்னைப் பார்த்தாள். முழங்கால் வரை சேறு. கையில் பிஸ்கட் பொட்டலம், பிரிக்கவே இல்லை. என்னிடமிருந்து, அழுகைதானா என்று எனக்கே தெரியாத ஒரு சத்தம் வந்தது.

அந்தப் பெண்தான் முதலில் இறங்கினாள். என் வயசு இருக்கும். இறங்கி, இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்து உதறினாள். பிறகு என்னைப் பார்த்து, அக்கம்பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலச் சொன்னாள்.

“ஒன்றர மணிக்கூரு மரத்தோட மரமா என்கூட நின்னுச்சு. ஆனை ரெண்டும் இந்தா, இந்தத் தூரத்துல போவுது, மூச்சு விடல. அப்பக்கூட அழாத புள்ள. நீங்க மொதல்ல அழுவய நிறுத்துங்க, ஒங்களப் பாத்துத்தான் இப்பம் பயப்படுது.”